காணாக்கடிக்குக் கட்டிய கயிறு

காணாக்கடி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. உடம்பு திடீரெனத் தடித்துச் சிவந்தால், கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்பார்கள். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். பூச்சி கண்ணுக்குத் தெரியாது, சரி. தட்டில் இருக்கும் சட்னியுமா தெரியாது?

என் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஓசூர் டாக்டர் அலர்ஜி என்று சொன்ன நாளிலிருந்து அது எங்கள் வீட்டுக்குள் நுழைவதில்லை. மத்தூர்ப் பக்கம் இருக்கும் என் ஓரகத்தியிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "கம்பெனிக்குப் போறவ புள்ளைக்கு எதுதான் ஆவும்?" என்று சிரிப்பாள்.

அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று, இட்லி தின்ற கொஞ்ச நேரத்தில் மகளின் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு இழுத்தது. வண்டியை எடுங்கள் என்று நான் கத்துகிறேன், அதற்குள் மந்திரிப்பவரைக் கூட்டி வந்து கயிறும் கட்டியாகிவிட்டது. எச்சிலே இறங்காத பிள்ளையின் வாயில் மிளகு வெற்றிலையைத் திணிக்க வந்த கையைத் தட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் தன் அண்ணனின் பைக்கை எடுக்க, பிள்ளையை அணைத்துக்கொண்டு ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. சுவரில் பாம்புக்கடி, நாய்க்கடி, டெங்கு என்று வரிசையாகப் படங்கள். அலர்ஜிக்கு ஒன்றுகூட இல்லை. "பாம்பு கடிச்சா ஓடி வர்றாங்க. இதுக்கு மட்டும் மந்திரிச்சுட்டு, மூச்சு நிக்கறப்பத்தான் தூக்கிட்டு வர்றாங்க" என்று டாக்டரம்மா சலித்துக்கொண்டார். சுவரில் ஒட்டாத எதற்கும் இந்த ஊர் பயப்படாது போலிருக்கிறது. மறுநாள்தான் அனுப்பினார்கள்.

எங்கள் பையை எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஓரகத்தி தானாகவே சொன்னாள்.

"சட்னில கொஞ்சூண்டு கல்லக்கா போட்டுத்தான் அரைச்சேன். தின்னாத்தான பழவும்?"

கல்லக்கா என்றால் வேர்க்கடலை. தெரிந்தே போட்டிருக்கிறாள். அவள் காலடியிலேயே காறித் துப்பாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் அதோடு விடவில்லை. மகளின் மணிக்கட்டுக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "அதான் கயிறு கட்டியாச்சே, இனிமே ஒண்ணும் பண்ணாது. இந்தா கண்ணு" என்று ஒரு கடலை உருண்டையை நீட்டினாள். பிள்ளையைக் காப்பாற்றியது கயிறாம்!

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை அந்தக் கைகளை எடுக்கவே இல்லை.