பலாக்கொட்டைப் பட்டாளம்

வறுத்த பலாக்கொட்டை வாசம் வந்தால் எல்லோருக்கும் குற்றாலத்துச் சாரல் நினைவு வரும். எனக்கு வாப்பாவின் கறுப்புத் தகரப்பெட்டி நினைவு வரும், கூடவே கோபமும் வரும்.

வாப்பா பட்டாளத்தில் ஹவில்தார். தென்காசியில் எங்கள் தெரு ஆண்கள் ஒன்று தறியில் இருந்தார்கள், இல்லையென்றால் வளைகுடாவில் இருந்தார்கள். வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பேரும் எழுதிய பெட்டியைத் தோளில் சுமந்து சாரல் மாதத்து லீவில் வந்து இறங்கியவர், அல்லாஹ்வின் கிருபையால், எங்கள் வாப்பா மட்டும்தான். உம்மா வறுக்க வைத்திருந்த கொட்டைகளை அள்ளிப் பெட்டிமேல் பரப்பி, எங்களுக்குப் பட்டாளம் கட்டிக் காட்டுவார். "பத்துக் கொட்டை ஒரு செக்ஷன். மூணு செக்ஷன் ஒரு பிளட்டூன். மூணு பிளட்டூன் ஒரு கம்பெனி." அதற்கு மேல் பட்டாலியன் கட்டக் கொட்டை பத்தாது.

"இதுல நம்ம ஆளு எது வாப்பா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, 'லங்கர்'ல வெந்தா எல்லாம் ஒரே ருசிதான்." லங்கர் என்றால் பட்டாளத்துச் சமையற்கட்டு. அவர் பட்டாளத்தில் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே கூரையின் கீழ் என்றும், பெருநாளன்று அவருடைய கிறிஸ்தவ சுபேதார் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தொழுகை முடியும்வரை கூடவே நிற்பார் என்றும் சொல்வார். வெள்ளைக்காரன் தெற்கத்தி ஆட்களை வைத்து நாட்டைப் பிடித்துவிட்டு, பிறகு இவர்களுக்குச் சண்டை தெரியாது என்று பட்டாளங்களைக் கலைத்ததையும், உலகச் சண்டை வந்ததும் வெட்கமில்லாமல் திரும்பக் கூப்பிட்டதையும் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஏறும்.

ஒரு சாரலில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டு டீக்கடையில் நின்றோம். வாப்பா பட்டாளத்துக்காரர் என்று தெரிந்ததும் கடைக்காரர் சத்தமாகக் கேட்டார்: "ஒம்ம ஆளுவ துபாய்க்குல்லா போவாவ! சண்டைன்னு வந்தா எந்தப் பக்கம் வே சுடுவீரு, பாய்?"

பெஞ்சே சிரித்தது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, "வாங்க, போவோம்" என்றார்.

வாப்பா டீயை ஊதிக் குடித்து முடித்தார். "முன்னால நிக்கவனைத்தான் சுடணும், அண்ணாச்சி. பின்னால நின்னு பேசுதவனைச் சுட எங்களுக்கு ஆர்டர் இல்ல."

அதே பெஞ்சு இப்போது கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தது. அவர் அசடு வழிந்து எனக்கு ஒரு வடையை நீட்டினார். வாப்பா வாங்கவிடவில்லை.

வாப்பா இன்று இல்லை, மவுத்தாகிவிட்டார். கடை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். என் மகன் பட்டாளத்தில் சேர வேண்டுமென்று விடியற்காலை பஜ்ரு தொழுததும் மைதானத்துக்கு ஓடப் போகிறான். கூட ஓடுகிறவன் ஒருவன் போன வாரம் அவனிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. வாப்பாவின் பதிலை அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

அவன் வாப்பாவின் அந்தத் தகரப்பெட்டிமேல் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "உம்மா, இப்ப அப்படிச் சொன்னா செல்லுல வீடியோ புடிச்சுப் போட்டுருவானுவ. பொறவு என்னைய எவன் சேப்பான்?"

சொல்லிவிட்டு ஓடப் போய்விட்டான். டீக்கடை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேள்வியை மட்டும் விட்டுவைத்துவிட்டு, பதிலைப் பறித்துக்கொண்டு போனவர்கள் யார்? ஐந்து வேளையும் படைத்தவனிடம் அதைத்தான் கேட்கிறேன்.