கோப்பை யாருக்கு?

இன்று பத்து காஜா பட்டணத்திலிருந்து எஸ்டேட்டுக்குத் திரும்பும் லாரியில் ஒரே சண்டை. காற்பந்தில் நாம் நாலுக்கு மூன்று என்று ஜெயித்துவிட்டோம். சிறந்த ஆட்டக்காரர் கோப்பையை யாருக்குக் கொடுப்பது?

"நாலு கோலும் முத்தையாதான் போட்டான். வேற யாருக்குலா கொடுக்கிறது?" என்றார் கங்காணி.

நான் கோல்கீப்பர் சின்னப்பன் பெயரைச் சொன்னேன்.

"மூணு விட்டானே!" எல்லாரும் சிரித்தார்கள். சின்னப்பனும் தலைகுனிந்து சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துவிட்டு அதே லாரியில் ஏறியிருந்த அவர் மனைவி அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை.

"மூணு விட்டாரு, சரி. பதினோரு பந்தைப் பிடிச்சாரே, அதை யாருமே எண்ணலியா அண்ணே?"

சின்னப்பன் நிமிர்ந்தார். "நீ ஆட்டம் பாத்தியா?"

"வேலி ஓரமா நின்னேன். என்னைப் பாத்தா உங்களுக்குக் கவனம் சிதறும்னு மறைஞ்சு நின்னேன்."



கடைசியில் கோப்பை முத்தையாவுக்கு என்றே முடிவானது. சின்னப்பன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. நகர்ந்து, அஞ்சலைக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

உங்கள் ஓட்டு யாருக்கு? படிப்பறைப் பலகையில் ஒட்டிய இந்தத் தாளிலேயே பென்சிலால் எழுதுங்கள். கங்காணிக்குப் பயந்தவர்கள் பெயர் போட வேண்டாம்.