எழுபது வளைவும் ஒரு ரிவர்ஸும்

சாலியமங்கலத்து மதிவாணன் இருபது வருஷமாக வேன் ஓட்டுகிறார். அதில் அவர் ஏறிய பெரிய மேடு வெண்ணாற்றுப் பாலம்தான். ஆனால் தங்கமணி கேட்டபோது வாய் கூசாமல் சொல்லிவிட்டார்: "கொல்லிமலையாக்கா? கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

தங்கமணி பதினாலு பேர் கொண்ட நடவுக் கூட்டத்தின் தலைவி. குறுவை நடவு முடிந்ததும் கூட்டம் ஒருநாள் சுற்றுலா போகும். வேளாங்கண்ணியும் நாகூரும் அலுத்துப்போய், இந்த வருஷம் முதன்முதலாக மலை. "மலை ஓட்டத் தெரிஞ்ச டிரைவர்தான் வேணும். நல்லபடியா போய் வந்தா, வருஷா வருஷம் உன் வண்டிதான் தம்பி" என்றிருந்தார்.

திருச்சி தாண்டி வாழைத்தோப்புகள் ஓடும்வரை வண்டிக்குள் ஒரே பாட்டு. அடிவாரத்துக் காரவள்ளியில் மலை எதிரே நிமிர்ந்து நின்றது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவதிலேயே வண்டி திணறி நின்றது. மதிவாணன் "முருகா" என்று முனகி மறுபடி கிளப்பினார்.

வளைய வளைய ஊர்கள் கீழே சுருங்கின. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போனது. பெண்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே "அடி ஆத்தி, அங்க பாருடி!" என்று கூவினார்கள். மதிவாணன் எதையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது.

முப்பத்தொன்பதாவது வளைவைத் தாண்டியதும், வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று எதிரே இறங்கி வந்து மூக்கோடு மூக்காக நின்றது. ஒதுங்க இடமில்லை.

ஊரில், ஆற்றங்கரைச் சாலையில் இது அன்றாடக் கதை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளத்தில் வயல். வைக்கோல் வண்டி எதிரே வந்தால் பாரமில்லாத வண்டிதான் பின்னால் போகவேண்டும், அரை மைல் ஆனாலும். மதிவாணன் யோசிக்கவேயில்லை. தலையை வெளியே நீட்டினார், ரிவர்ஸ் போட்டார். வேன் அந்த வளைவையே வளைத்துக்கொண்டு, சக்கரம் விளிம்பைத் தொடாமல், பின்னாலேயே இறங்கி அகலமான இடத்தில் நின்றது. பிறகு ஒருத்தி குலவையிட, மலையே எதிரொலித்தது.

லாரி டிரைவர் பக்கத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"ஏறி வர்ற வண்டிக்குத்தாண்ணே இங்க வழி. நாந்தான் ஒதுங்கியிருக்கணும். இப்படி ரிவர்ஸ் எடுக்கிறீங்களே, உங்களுக்கு எந்த மலை?"

"மலையா? நான் மலையே ஏறினதில்லீங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. மதிவாணன் மெல்லத் திரும்பினார்.

"முதல் வளைவுலேயே தெரியும்" என்றார் தங்கமணி. "முருகனைக் கூப்பிட்டியே."

"அப்ப ஏன்க்கா இறங்கலை?"

"இறங்கி? மிச்ச அறுபத்தொன்பதையும் நடக்கவா? ஓட்டுய்யா!"

சிரிப்பு அடங்க இரண்டு வளைவு ஆனது. மதிவாணன் அதற்குப் பிறகுதான் பள்ளத்தாக்கையே பார்த்தார்.

மேலே போனால், மலை மடிப்பில் படிப்படியாக வயல். தண்ணீர் கட்டி, வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்து, நிறுத்து! இங்கேயும் நடவுடி!"

வேன் காலியானது. தங்கமணி வரப்பில் நின்று, "நாத்து கொஞ்சம் முத்திடுச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, டிரைவர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷம் ஊட்டி. போயிருக்கியா?"

"இல்லக்கா. ஊட்டியும் தெரியாது, கொடைக்கானலும் தெரியாது."

"அப்ப நீதான் வர்ற."