ரிசீவரில் ஒரு தட்டு

நகத்தால் ரிசீவரைத் தட்டினால் மறுமுனையில் எப்படிக் கேட்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பீளமேட்டில் எங்கள் வீட்டு டிவியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தட்டியவள் டிவிக்கு முன்னால் நின்ற என் மகள்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் ஓயாமல் பேசுவாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. இப்படியே இருந்தால் ஒன்றாம் வகுப்பிலேயே மறுபடி உட்கார வைப்போம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நாளிதழில் பிறர் எழுதியதைத் திருத்துவது என் வேலை. அவள் விஷயத்தில் திருத்துவதற்குக்கூட ஒரு சொல் கிடைக்கவில்லை.

உள்ளூர் கேபிள் சேனலில், பொம்மலாட்டம் நடத்தும் பொம்மையக்காவின் கைப்பொம்மை ஆட்டுக்குட்டி பிள்ளைகளோடு நேரலையில் போனில் பேசும். பழைய ஸ்வெட்டரில் தைத்த உடம்பு, பனியன் துணிக் காதுகள், கோட்டுப் பொத்தான் கண்கள். எந்தப் பிள்ளையிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசும். அன்று லைன் கிடைத்ததும் மகள் தானே ரிசீவரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க கண்ணு, சாப்டீங்களா?" என்றது ஆடு.

மகள் டிவியைப் பார்த்துத் தலையாட்டினாள். தனக்கு ஆடு தெரிவதுபோல, ஆட்டுக்குத் தானும் தெரிவதாக நம்பியிருந்தாள். சேனலில் வெறும் இரைச்சல். இதோ இணைப்பைத் துண்டிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆடு காதைச் சாய்த்துக் காத்திருந்தது.

"தலையாட்டறீங்களாட்ட இருக்குதுங்க. எனக்குக் கண்ணு பொத்தானுங்க அம்மணி, தூரத்துல தெரியாது. ஆமான்னா போனை ஒருக்கா தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு தட்டு."

ஒரு தட்டு.

இட்லியா? இரண்டு தட்டு. தோசையா? இரண்டு. உப்புமாவா? பலமாக இரண்டு.

"அப்புறம் என்னதானுங்க சாப்டீங்க? புல்லா?"

மகளுக்குப் பொறுக்கவில்லை. "பூரி!" என்று கத்தினாள்.

ஆடு மல்லாந்து விழுந்தது. "எனக்கொண்ணு எடுத்து வெக்கலீங்களா?"

"தீந்துபோச்சு."

வெளியாளிடம் அவள் பேசிய முதல் சொற்கள் அவை.

அடுத்த வாரம் நன்றி சொல்லப் போனேன். ஸ்டுடியோ என்பது மாடியில் ஒரு படுக்கையறை. சுவரில் நீலப் போர்வை. அன்று மகள் பேசாமல் நின்றபோது லைனை வெட்டச் சொல்லி சேனல் முதலாளி விடாமல் கைகாட்டியதாக கேமராக்காரர் சொன்னார். "மேசைக்கடியில குந்தியிருக்கறவளுக்கு அவரு கையி எங்கீங்க தெரியுது?" என்று சிரித்தார் அக்கா. கிளம்புமுன் நான் குனிந்து பார்த்தேன். அங்கிருந்து முதலாளியின் நாற்காலி நேராகத் தெரிந்தது.

மகள் பள்ளியில் உடனே பேசிவிடவில்லை. தட்டிப் பதில் சொல்லும் விஷயத்தைச் சொன்னபோது ஆசிரியை அதற்கு ஒத்துக்கொண்டார். சில மாதங்கள் பெஞ்சைத் தட்டியே பதில் சொன்னாள். பிறகு சொற்கள் வந்தன. இரண்டாம் வகுப்புக்கும் போனாள்.

இப்போது சென்னையில் வேலை. நாள் முழுக்கக் கூட்டங்களில் பேசுகிறாள். போன வாரம் அவளைக் கூப்பிட்டு, அன்னூரில் பொம்மையக்கா காலமாகிவிட்ட செய்தியைச் சொன்னேன். மறுமுனையில் பேச்சே இல்லை. நான் அவசரப்படுத்தவில்லை.

"கடைசியா ஒருக்கா பாக்க வர்றியா கண்ணு?" என்று மட்டும் கேட்டேன்.

சற்றுப் பொறுத்து, கைப்பேசியில் நகம் படும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு.