மூச்சு முட்டிய கம்ப்யூட்டர்

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு நிர்மலாதேவி ஊராருக்கு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். கொத்தனார் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே, கட்டி முடித்த வீடு எப்படி இருக்கும் என்று படம் செய்து தருவது அவள் வேலை. தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். படித்தது வேதியியல்; இந்த வேலை யூடியூபில் கற்றது. இதற்காகவா படித்தோம் என்று அடிக்கடி தன்னையே கேட்டுக்கொள்வாள். பிறகு எதற்காகப் படித்தோம் என்பதற்கும் பதில் கிடைக்காததால் வேலையைத் தொடர்வாள்.

சித்திரை வெயிலில் ஒரு காலை, தர்மபுரி கான்ட்ராக்டர் அறிவழகன் போன் செய்தார்.

“ஏம்மா, பார்ட்டிக்குப் படம் பத்தாதாம். வூட்டுக்குள்ள நடந்து போற மாதிரி வீடியோ வேணுமாம். சாயங்காலத்துக்குள்ள குடுத்துட்டின்னா இனிமே நம்ம வேலை எல்லாம் உனக்குத்தான். இல்லாட்டி சேலத்துக்காரன் ஒருத்தன் கேட்டுக்கினே இருக்கறான்.”

“குடுத்துர்றங்க சார்.”

இந்த வாரத்துக்குள் தொடர்ந்து வேலை தருகிற ஆள் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ஓசூர் கம்பெனி வேலைக்கு பஸ் ஏறிவிடுவதாக அப்பா முனிராஜிடம் அவளே சொல்லியிருந்தாள்.

வீடியோவை உருவாக்கக் கம்ப்யூட்டரை ஓட விட்டாள். ப்ராசஸர் முழு மூச்சில் உழைத்தது. விசிறி இரைந்தது. சூடு தொண்ணூறைத் தாண்டியதும் பெட்டி தானாக அணைந்தது. அதற்குள் வீடியோ கேட்டைத் திறந்து, வாசற்படி ஏறி, ஹாலில் கிடந்த சோபா வரை வந்திருந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் சோபா. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தாள். அது ஷீட்டின் அனலையும் சேர்த்து வாரி அடித்தது. இந்த முறை சோபா வரைகூட வரவில்லை.

அம்மா கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“அதுக்குக் காய்ச்சலா?”

“ஆமா.”

“ஓசூருக்கு டிபன் பாக்ஸ் கழுவி வெக்கட்டுமா?”

நிர்மலாதேவி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது, விசிறியும் சுற்றியது. முன்பக்கம் உள்ளங்கையை வைத்தாள். காற்றை உள்ளே இழுக்கிற மாதிரியே இல்லை. குனிந்து பார்த்தாள்.

முன்பக்க வலை முழுக்கச் சந்தனம். ஆயுத பூஜையன்று போர் மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் மொபெட்டுக்கும் வைத்த கையோடு முனிராஜ் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தார். அதன் பிறகு புது வேலை வரும்போதெல்லாம் பழைய பொட்டின் மேலேயே ஒன்று. அது காய்ந்து, தூசி படிந்து, வலையின் ஓட்டைகளை அடைத்துவிட்டது.

பழைய டூத் பிரஷை எடுத்தவளுக்குக் கை போகவில்லை. இதிலெல்லாம் நம்பிக்கையில்லை என்று கல்லூரித் தோழிகளிடம் சொன்னவள்தான். ஆனால் முதல் வேலை வந்தது பொட்டு வைத்த மறுநாள். ஒவ்வொரு படத்தையும் அனுப்பும் முன் அதை ஒருமுறை தொட்டுக்கொள்வாள். அது வெறும் பழக்கம் என்று தனக்குத் தானே விளக்கமும் வைத்திருந்தாள். இன்று சுரண்டி, இந்த வேலையும் கைநழுவினால்? சுரண்டாவிட்டால் நிச்சயம் நழுவும். மெதுவாக ஓரத்தில் ஆரம்பித்தாள்.

அப்போது முனிராஜ் வந்தார்.

“என்னா பண்ற?”

“பொட்டைச் சொரண்டறன்.”

அவர் குனிந்து வலையைப் பார்த்தார். “காலையிலதான வெச்சன்.”

“ஓட்டை ஓட்டையா இருக்குது பாருப்பா. இது வழியாத்தான் காத்து உள்ள போவணும்.”

“எனக்கு எப்பிடித் தெரியும்? மூஞ்சி எதுன்னு பார்த்து வெச்சன். இதுதான் மூஞ்சி மாதிரி இருந்துச்சு.”

“மூஞ்சிதான். மூக்கும் அங்கதான் இருக்குது.”

“ஸ்டார்ட்டருக்கு மூக்கு இல்ல,” என்றார் முனிராஜ். பிறகு கையை நீட்டினார். “குடு. வெச்சவன் நானு.”

கலப்பையில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதுபோல, ஒரு தயக்கமும் இல்லாமல் சுரண்டினார். இருவரில் யாருக்கு நம்பிக்கை அதிகம் என்பது அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

மறுபடி ஓட விட்டாள். சூடு எழுபதுகளில் நின்றது. வீடியோ சோபாவைத் தாண்டி, சமையலறைக்குள் நுழைந்து, படியேறி மொட்டை மாடிக்குப் போனது. பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டாள்.

“நல்லாருக்குது. காம்பவுண்டு கலர மட்டும் மாத்திரு. நாளைக்கு இன்னும் ரெண்டு வூட்டு பிளான் அனுப்பறன்,” என்றார் அறிவழகன்.

செய்தி கேட்டு முனிராஜ் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

“இப்ப எங்க வெக்கட்டும்?”

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்னால் வலை, மேலே வலை, பின்னால் விசிறி. கடைசியில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காட்டினாள். அவர் கடுகளவு வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். சூடு இருக்கிறதா என்று பார்க்கத்தான்.