லெட்சுமியின் சாட்சிக் கையெழுத்து

எனக்குச் சட்டம் தெரியாது என்பதெல்லாம் சாக்கு. அன்றைக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

கொடைக்கானலில் என் பக்கத்து வீடு ரோஸ்லின் டீச்சருடையது. பிள்ளைகள் கிடையாது. பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட லெட்சுமிக்கு வீட்டை உயில் எழுதினார். அதை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

எழுதிய அன்று நல்ல மழை. ஒரு சாட்சி குறைந்தது. மேல்தெருவுக்குப் போய் ஆள் கூட்டிவர மனசில்லாமல், அடுப்படியில் நின்ற லெட்சுமியைக் கூப்பிட்டேன்.

“நான் எதுக்குங்கய்யா? வேற ஆளக் கூப்பிடுங்க.”

“வெரசா போடும்மா,” என்று பேனாவைத் திணித்தேன்.

டீச்சர் இறந்தபின், உயில் செல்லும் என்று கோர்ட் தரும் புரொபேட் வாங்க திண்டுக்கல் வக்கீலிடம் போனேன். உயிலைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“கிறிஸ்தவங்க உயில்ல, சொத்து வாங்குறவங்களே சாட்சி போட்டா அவங்களுக்கு எழுதினது செல்லாதுங்க. வீடு டீச்சரோட அண்ணன் மகனுக்குத்தான் போகும்.”

திரும்பி வந்து லெட்சுமியிடம் சொன்னேன்.

“அன்னைக்கு நான் போடாம இருந்திருந்தா?”

“வீடு உன்னோடது.”

“நீங்க சொன்னீங்கன்னுதானேங்கய்யா போட்டேன்.”

அவள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன மறுநாள், மேல்தெருவுக்கு நடந்து பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.