இடுப்பு கேட்ட நாற்காலி

தைலம் சூடாகிற வாசனை... கூடவே பிசைந்த உளுந்து மாவின் வாசனை. இந்த இரண்டும் சேர்ந்து எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் என் இடுப்பு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். பார்டர், புட்டா, முந்தானை... எல்லாம் கட்டம் கட்டமாக. ஒரு கட்டம் தப்பினால் தறியில் மயிலுக்கு மூக்கு இருக்காது.

நாற்காலியே இல்லாத கடை அது. வெள்ளைத் துணி விரித்த மெத்தை, சுவரோரம் திண்டு. புடவையைத் தரையில் விரித்துக் காட்ட வேண்டும், அதனால் முதலாளி தரையில். முதலாளி தரையில், அதனால் எல்லோரும் தரையில். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் ஒரு குட்டை மேசை போட்டுக் கீழேயே வைத்துவிட்டார்கள். அதன் முன்னால் சம்மணம் போட்டு, குனிந்தபடி, தினம் ஒன்பது மணி நேரம் நான்.

இரண்டாவது வருஷம் வலி வந்தது. முதலில் சாயங்காலம் மட்டும். பிறகு காலையில் கோலம் போடக் குனியும்போதே. எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். மாத்திரை போட்டால் போகும், மாத்திரை தீர்ந்தால் திரும்பி வரும்.

"வேலைய வுட்டுடு" என்றார்கள் வீட்டில். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆகாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்து டிசைன் போடும் பெண்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். இடுப்பு வலிக்கிறது என்று மூளையைக் கொண்டுபோய் அடுப்படியில் வைக்க முடியுமா?

ஆயுர்வேத டாக்டர் ஒருவரிடம் போனேன். அந்த அம்மாவுக்கும் என் வயதுதான். கால் மரத்துப்போகிறதா, இருமினால் வலி பாய்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் குப்புறப் படுக்கச் சொன்னார். இடுப்பின் மேல் உளுந்து மாவால் வட்டமாக ஒரு அணை, அதற்குள் வெதுவெதுப்பான தைலம். ஆறினால் பஞ்சில் ஒற்றி எடுத்து, சூடாக்கி மீண்டும் ஊற்றுவார். கடிவஸ்தி என்று பேர். ஏழு நாள், தினம் அரை மணி நேரம், அசையக் கூடாது... வலியைவிட எனக்கு அதுதான் கஷ்டம்.

முதல் நாளே முதலாளியிடம் மாட்டிக்கொண்டேன்.

"இன்னாமா கலா, தைல வாசன கடையவே தூக்குது?"

"இடுப்புக்கு வைத்தியம் பாக்குறேன் மொதலாளி."

"பாரு, வாணாங்கல. ஆனா பட்டுல ஒரு சொட்டு எண்ண பட்டாலும் புடவ பாழு. ஏழு நாளு ஊட்லயே இருந்துக்கோ."

எப்படி இருப்பது? அது ஆடி மாதம். ஆடியில் பட்டுக் கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள் என்று வெளியே நினைப்பார்கள். ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு நெய்ய வேண்டிய டிசைன் எல்லாம் ஆடியிலேயே தறிக்குப் போயாக வேண்டும். நான் ஏழு நாள் வராவிட்டால் எட்டாவது நாள் என் இடத்தில் வேறு ஆள் இருக்கும்.

அதனால் மறுநாள் முதல் விடியற்காலையிலேயே டாக்டரிடம் முதல் ஆளாகப் போய் நின்றேன். பிறகு பயத்தமாவு தேய்த்து வெந்நீர்க் குளியல். இடுப்பைச் சுற்றிப் பழைய வேட்டித் துணி இரண்டு சுற்று, அதன் மேல் புடவை. கடை வாசலில் முதலாளி வெள்ளைக் கைக்குட்டையை நீட்டுவார், நான் கையைத் துடைத்துக் காட்ட வேண்டும். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைசி நாள் வரை கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பிப் போனது.

ஏழாம் நாள் வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை.

"எண்ண அதோட வேலைய செஞ்சிடுச்சிங்க. நீங்க மறுபடியும் குனிஞ்சிகினே ஒம்போது மணி நேரம் ஓட்டுனா, அடுத்த மாசமே இங்க வந்து படுப்பீங்க. மொதல்ல உக்கார்றத மாத்துங்க."

அன்றே முதலாளியிடம் நாற்காலி கேட்டேன்.

"நானே கீழ குந்திகினு கீறேன். நீ மேல குந்துவியா? வர்றவங்க இன்னா நெனப்பாங்க?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு அன்று முழுக்க யோசித்தேன். மேலே உட்கார்ந்தால்தானே மரியாதைக் குறைவு? முதலாளி முன்னால் நின்றால்?

மறுநாள் கேட்டேன். "நின்னுகினு வேல செய்யட்டுமா மொதலாளி?"

மனிதருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "தாராளமா நில்லுமா!"

புடவை வைக்கிற குட்டை அலமாரி ஒன்று நின்று வேலை செய்ய வாகாக இருந்தது, கம்ப்யூட்டரை அதன் மேல் ஏற்றினேன். கொஞ்ச நேரம் நிற்பேன், கொஞ்சம் நடப்பேன், கொஞ்சம் உட்காருவேன். "எத்தினி தபாமா தண்ணி குடிப்ப?" என்பார் முதலாளி. சொல்லட்டுமே. இடுப்பும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது.

இன்று சொந்தமாக டிசைன் சென்டர் வைத்திருக்கிறேன். முதுகுக்கு அணைவான நாற்காலி, எழுந்து நடக்கச் சொல்லி போனில் அலாரம். நின்றே ஜெயித்த கதையை எத்தனையோ பேரிடம் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன்.

போன வாரம் அதே முதலாளி ஒரு முந்தானை டிசைனுக்காக வந்தார். நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

"முட்டி, இடுப்பு ரெண்டுமே பூட்ச்சிமா. கடையிலயும் எனக்கு இப்போ நாற்காலிதான்."

"கம்ப்யூட்டர்ல கீற அம்மாவுக்கு?" என்று கேட்டேன். என் இடத்தில் இப்போது இருப்பவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"அது கீழதான் குந்துது. பழகிடுச்சி."

சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஜெயித்தேன் ஜெயித்தேன் என்றேனே... எனக்கு மட்டும் ஒரு வழி பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் குட்டை மேசை அங்கேயேதான் கிடந்திருக்கிறது.

"நீங்களே மேல ஏறிட்டீங்க. அவங்க மட்டும் எதுக்கு மொதலாளி கீழ? ஒரு நாற்காலியும் மேசையும் போடுங்க. அப்பறமா டிசைன் அனுப்புறேன்."

"இன்னாமா இப்டி பேஜார் பண்ற?"

"முகூர்த்தம் வருது. ஜல்தியா வாங்கிடுங்க."

முந்தானை டிசைனை அன்றே போட்டு முடித்தேன், அனுப்பவில்லை.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காத புது நாற்காலி. அதில் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டிசைனை அனுப்பிவிட்டேன்.